சி. சுப்பிரமணியம்: பொள்ளாச்சிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்தில் வாய்க்கால் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரியவர்கள் வாயில் தவறாமல் வரும் பெயர்களில் ஒன்று 'சி.எஸ்.'. இளையவர்களுக்கோ அவர் போட்டித் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் ஒரு வரி: 'பசுமைப் புரட்சி, பாரத ரத்னா, 1998'. அந்த ஒரு வரிக்குள் அடங்காதவற்றைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளும், இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் நான் தரும் பதில்களும் இங்கே உள்ளன.

சி. சுப்பிரமணியம் எந்த ஊர்க்காரர்? அவர் குடும்பம் எத்தகையது?

பொள்ளாச்சிப் பகுதியில் உள்ள செங்குட்டைப்பாளையம் அவருடைய சொந்த ஊர். 1910 ஜனவரி 30 அன்று சிதம்பரக் கவுண்டருக்கும் வள்ளியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். வேளாண்மைக் குடும்பம். அந்நாளில் அப்பகுதி பெரும்பாலும் மானாவாரிக் காடாகவும், கிணற்றை நம்பிய தோட்டமாகவுமே இருந்தது. மாடு கட்டிக் கவலை இறைத்து, வெள்ளாமையில் பாதியைக் கிணற்றுக்கும் மீதியை மழைக்கும் அடகு வைத்துப் பிழைத்த ஊர்கள் அவை. பின்னாளில் டெல்லியில் அவர் எடுத்த முடிவுகளைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், தண்ணீரின் அருமை தெரிந்த மண்ணில் பிறந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அதே செங்குட்டைப்பாளையம் இன்னொருவரையும் நாட்டுக்குத் தந்தது. திருப்பராய்த்துறையில் ஸ்ரீராமகிருஷ்ண தபோவனத்தை நிறுவிய சுவாமி சித்பவானந்தர், 1898இல் அவ்வூரில் பிறந்தவர். சுப்பிரமணியத்துக்கு நெருங்கிய உறவினர். மேல்படிப்புக்குச் சீமைக்குப் போக வேண்டியிருந்த இளைஞர், விவேகானந்தரின் எழுத்தைப் படித்துவிட்டுத் துறவியானார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். இளவயதில் தமக்கு ஊக்கம் தந்தவர்களுள் முதன்மையானவராகச் சுப்பிரமணியம் கருதியது இவரைத்தான். குடும்பத்தில் ஒருவர் காவியுடுத்தார், ஒருவர் கதருடுத்தார். சுப்பிரமணியத்தின் மனைவி பெயர் சகுந்தலா. அவர்களுக்கு ஒரு மகனும் இரண்டு மகள்களும்.

படிப்பும் சுதந்திரப் போராட்டமும் எப்படி?

பொள்ளாச்சியில் பள்ளிப் படிப்பு, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பட்டம், அதன்பின் 1932இல் சட்டப் பட்டம். இயற்பியல் படித்தவர் என்பதை நான் சற்று அழுத்திச் சொல்வேன். விஞ்ஞானிகள் சொல்வதை உட்கார்ந்து கேட்டுப் புரிந்துகொள்ளும் பொறுமை அரசியல்வாதிகளிடம் அரிது. அது இவரிடம் இருந்தது.

கல்லூரி நாட்களில் பெரியசாமித் தூரன், ஓ.வி. அளகேசன், கே.எஸ். ராமசாமிக் கவுண்டர் முதலிய நண்பர்களுடன் சேர்ந்து 'வனமலர்ச் சங்கம்' என்றோர் அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் 'பித்தன்' என்ற இதழைக் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வெளியிட்டார்கள். இருபது வயதுப் பிள்ளைகள் கூடிப் பத்திரிகை நடத்திய இந்தக் கதையைக் கொங்கு நாட்டில் இன்னும் விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குழுவிலிருந்த தூரன்தான் பிறகு தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியரானார். அளகேசன் மத்திய அமைச்சரானார். அவர் கீழே மீண்டும் வருவார்.

சட்ட மறுப்பு இயக்கத்தில் மாணவப் பருவத்திலேயே ஈடுபட்ட சுப்பிரமணியம், 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின்போது சிறை சென்றார். இந்தியாவுக்கு அரசியல் சட்டம் வகுத்த அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினராக இருந்தார்.

காமராஜரை எதிர்த்துப் போட்டியிட்டவர் என்கிறார்களே, பின் எப்படி அவருடைய அமைச்சரவையிலேயே இருந்தார்?

இரண்டும் உண்மைதான். 1952இல் அமைந்த ராஜாஜி அமைச்சரவையில் சுப்பிரமணியம் நிதியும் உணவும் கவனித்தார். அந்த ஆண்டுதான் சென்னை மாநிலத்தில் உணவு தானியக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. ரேஷனை எடுத்தால் பஞ்சம் வந்துவிடும் என்று பலரும் அஞ்சிய நேரத்தில் எடுத்தார்கள். பதுங்கிக் கிடந்த தானியம் சந்தைக்கு வந்தது. விளைவிப்பவனுக்கு உரிய விலை கிடைத்தால் விளைச்சல் தானே வரும் என்ற எண்ணம் அவருக்கு அப்போதே வேரூன்றியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

1954இல் ராஜாஜி விலகியதும் சட்டமன்றக் காங்கிரஸ் கட்சித் தலைவர் பதவிக்குப் போட்டி வந்தது. ராஜாஜி தரப்பு நிறுத்தியது சுப்பிரமணியத்தை. காமராஜருக்கு 93 வாக்குகளும் இவருக்கு 41 வாக்குகளும் கிடைத்தன. தோற்றவர் ஒதுங்கிப் போவதுதான் வழக்கம். காமராஜரோ, தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவருக்குத் துணை நின்ற எம். பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். சுப்பிரமணியத்துக்குக் கிடைத்தவை நிதியும் கல்வியும். மாநில அரசின் சாவிக்கொத்தே அந்த இரண்டும்தான்.

பெருந்தன்மை என்று சொல்லிக் காமராஜரைப் பாராட்டுவது எளிது, சரியும்கூட. ஆனால் கணக்குத் தெரிந்த ஆள் ஒருவர் தமக்குத் தேவை என்பதைக் காமராஜர் அறிந்திருந்தார். சுப்பிரமணியமும் ராஜாஜியிடம் கொண்டிருந்த மதிப்பை விட்டுவிடாமலே புதிய முதல்வருக்கு உண்மையாக உழைத்தார். எட்டு ஆண்டுகள் அந்த ஏற்பாடு முறியாமல் நடந்தது.

கல்வி அமைச்சராக அவர் செய்தது என்ன?

முதலில் ஒன்றை நிறுத்தினார். எதிர்ப்பாளர்கள் 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயரிட்ட, ராஜாஜி காலத்துத் தொடக்கக் கல்வித் திட்டம் 1954 மே மாதத்தில் கைவிடப்பட்டது. அதை அறிவிக்கும் வேலை, ராஜாஜியின் அணுக்கரான இவர் தலையிலேயே விழுந்தது. பிறகு பொதுக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவுடன் சேர்ந்து பள்ளிகளைப் பெருக்கும் வேலை நடந்தது. 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. திட்டத்தின் பெருமை காமராஜருக்கே உரியது என்றாலும், அதற்கான பணத்தையும் துறையையும் கையில் வைத்திருந்தவர் இவர்.

தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்ததும் இக்காலத்தில்தான். கல்லூரியில் தமிழ் வழியில் கற்பிக்க முடியுமா என்ற வாதத்துக்கு, முதலில் ஓரிடத்தில் செய்து பார்ப்போம் என்று அவர் தேர்ந்தெடுத்த இடம் கோவை அரசுக் கலைக் கல்லூரி. 1960இல் அங்கே பட்ட வகுப்பில் தமிழ்வழிப் பாடம் சோதனையாகத் தொடங்கப்பட்டது. 'முதலில் ஒரு பாத்தியில் விதைத்துப் பார்' என்பது இவரிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் பழக்கம்.

பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் அவர் பங்கு உண்மையில் எவ்வளவு?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல அனுமதி வேண்டும். எங்கள் பக்கத்தில் இதைப் 'பி.ஏ.பி.' என்றே சொல்வோம்.

ஆனைமலைத் தொடரில் பெய்யும் மழை பெரும்பாலும் மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கிறது. மலைக்குக் கிழக்கே, மழை மறைவுப் பகுதியில், பொள்ளாச்சி முதல் தாராபுரம் வரை நிலம் வறண்டு கிடந்தது. மேற்கே ஓடும் நீரைத் தடுத்து, மலைக்குள் சுரங்கம் குடைந்து, அணைக்கு அணை இணைத்துக் கிழக்கே திருப்ப வேண்டும் என்பதே திட்டம். ஆனைமலையாறு, நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய மலை ஆறுகளும், சமவெளியில் ஆழியாறும் பாலாறும் இதில் அடங்கும். சர்க்கார்பதி மின்நிலையத்திலிருந்து மலையடிவாரத்தை ஒட்டி ஏறத்தாழ 49 கிலோமீட்டர் ஓடித் திருமூர்த்தி அணையைச் சேரும் காண்டூர் கால்வாயைப் பார்த்தவர்களுக்கு, இது எவ்வளவு துணிச்சலான யோசனை என்பது விளங்கும்.

பொறியியலைவிடக் கடினமாக இருந்தது அரசியல். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, அணை கட்ட வேண்டிய முக்கிய இடங்கள் கேரளத்துக்குள் இருந்தன. ஆகவே அண்டை மாநிலத்தின் சம்மதம் இல்லாமல் ஒரு கல்லைக்கூட நட முடியாது. காமராஜர் முதல்வராகவும், கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதல்வராகவும் இருந்த காலத்தில் பேச்சு நடந்தது. இரு வேறு கட்சிகள். கொள்கையால் எதிர் துருவங்கள். ஆயினும் பேசி முடித்தார்கள். முறையான ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29 அன்று; ஆனால் அது 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகவே எழுதப்பட்டது. அதாவது, வாய்ச்சொல்லை நம்பிப் பல ஆண்டுகள் வேலை நடந்திருக்கிறது. மணக்கடவு வழியாக ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீரைக் கேரளத்தின் சித்தூர்ப் பகுதிக்குத் தமிழ்நாடு விட வேண்டும் என்பது அதில் ஒரு முக்கியக் கூறு.

இதில் நிதி அமைச்சராக இருந்த சுப்பிரமணியத்தின் பங்கு, திட்டத்தைக் கோப்பிலிருந்து களத்துக்குக் கொண்டுவந்ததும், பணம் ஒதுக்கியதும், கேரளத்துடன் பேசியதும். ஆனால் அவரை மட்டும் சொல்வது நியாயமன்று. வேட்டைக்காரன்புதூர் வி.கே. பழனிசாமிக் கவுண்டர் இதற்காக இடைவிடாது பாடுபட்டவர். பொள்ளாச்சித் தொழிலதிபரும் சட்டமன்ற உறுப்பினருமாக இருந்த நா. மகாலிங்கமும் அப்படியே. மலையில் தங்கிச் சுரங்கம் வெட்டிய தொழிலாளர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் முழுமையாக இல்லை.

எங்கள் தாத்தாவின் காடு திருமூர்த்தி அணை ஆயக்கட்டில், அதாவது அதன் பாசனப் பரப்பில், வருகிறது. முறை வரும் நாளில் கிளை வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன்பு, முதலில் சருகும் நுரையும் உருண்டு வரும். அதன் பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர் வரும். மம்பட்டியுடன் காத்திருப்பவர் மடையைத் திறந்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். இத்தனை ஏக்கருக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு. நள்ளிரவில் முறை விழுந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும். தாத்தா தண்ணீர் வரும் திசையைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டுவிட்டுத்தான் மடையில் மம்பட்டியைப் போடுவார். யாரைக் கும்பிட்டார் என்று அவரிடம் நான் கேட்டதில்லை.

மத்திய அரசில் உணவு அமைச்சர் பதவியை அவர் ஏன் ஏற்றார்?

1962இல் பொள்ளாச்சித் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்ற அவருக்கு நேரு கொடுத்தது உருக்குத் துறை. 1964 மே மாதம் நேரு காலமானார். ஜூனில் லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானார். அப்போது டெல்லியில் எவரும் விரும்பாத துறை உணவும் வேளாண்மையும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரின் அரசியல் வாழ்வு அதோடு முடியும் என்று பேசிக்கொண்டார்கள். சாஸ்திரி அதைச் சுப்பிரமணியத்திடம் கொடுத்தார்.

நிலைமை அவ்வளவு மோசமாக இருந்தது. 1964–65இல் 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல், பருவமழை பொய்த்ததால் அடுத்த ஆண்டு 7 கோடியே 20 லட்சம் டன்னாகச் சரிந்தது. 1966இல் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தது. பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. கப்பல் துறைமுகத்தில் நின்றால்தான் ரேஷன் கடையில் எடை போட முடியும் என்ற நிலை. அமெரிக்க அதிபர் ஜான்சன் அந்தக் கப்பல்களை மாதக் கணக்கில் அளந்து அளந்து விட்டார். சாஸ்திரி திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விடச் சொல்லி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார்.

சுப்பிரமணியம் எடுத்த வழி மூன்று முனைகளில் சென்றது. விவசாயிக்கு நிலையான விலை கிடைக்க வேண்டும் என்று 1965 ஜனவரியில் வேளாண் விலைக் குழு அமைந்தது. விளைந்ததைக் கொள்முதல் செய்து சேமிக்க இந்திய உணவுக் கழகம் உருவானது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் 1965 பொங்கல் அன்று, ஜனவரி 14இல், தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. மூன்றாவதுதான் பெரிய சூதாட்டம்: குட்டை ரகக் கோதுமை. பழைய உயர ரகங்களுக்கு உரம் அதிகம் போட்டால் கதிர் கனத்துத் தாள் சாய்ந்துவிடும். மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகங்கள் உரத்தைத் தாங்கி நிமிர்ந்து நின்றன. 1966இல் லெர்மா ரோஜோ, சோனாரா 64 ஆகிய ரகங்களின் விதை 18,000 டன் மெக்சிகோவிலிருந்து வாங்கப்பட்டது. அதுவரை உலகில் எந்த நாடும் ஒரே நேரத்தில் அவ்வளவு விதையை இறக்குமதி செய்ததில்லை.

எதிர்ப்பு இருந்ததா?

எல்லாப் பக்கமிருந்தும். அன்னியச் செலாவணியை விதைக்கும் உரத்துக்கும் கொட்டுவதா என்று நிதித் துறையும் திட்டக் குழுவில் சிலரும் கேட்டார்கள். நிதி அமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி இதை ஏற்கவில்லை. நாட்டை அமெரிக்காவிடம் அடகு வைக்கிறார் என்று இடதுசாரிகள் தாக்கினார்கள். நீர்ப்பாசனம் உள்ள இடங்களுக்கே விதையும் உரமும் போனால், ஏழை மானாவாரி விவசாயி என்ன ஆவான் என்ற கேள்வியும் எழுந்தது. கடைசிக் கேள்வி நியாயமானது. அதற்கு அன்றும் நிறைவான பதில் கிடைக்கவில்லை.

அமைச்சர் பங்களா புல்வெளியில் கோதுமை பயிரிட்டது கதையா, உண்மையா?

உண்மை. டெல்லியில் தமக்கு அளிக்கப்பட்ட வீட்டின் புல்தரையை உழச் சொல்லி, அங்கே புதிய கோதுமையை விதைக்க வைத்தார். அமைச்சரைப் பார்க்க வருபவர்கள், சோபாவில் உட்காருவதற்கு முன்பே பயிரைப் பார்த்துவிடுவார்கள். டெல்லிக்கு அருகே ஜவுந்தி போன்ற கிராமங்களில் விவசாயிகளின் சொந்த நிலத்திலேயே செயல்விளக்கத் திடல்கள் போடப்பட்டன. ஆராய்ச்சிப் பண்ணையில் விளைந்ததை நம்பாதவன், பக்கத்துக் காட்டில் விளைந்தால் நம்புவான். இது எங்களூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சமாச்சாரம். டெல்லிக்கு அதைச் சொல்ல ஒரு கவுண்டர் வீட்டுப் பிள்ளை போக வேண்டியிருந்தது என்று எங்கள் பக்கத்தில் கொஞ்சம் கர்வத்தோடே சொல்லிக்கொள்வார்கள்.

பசுமைப் புரட்சியின் தந்தை எம்.எஸ். சுவாமிநாதனா, சி. சுப்பிரமணியமா?

பட்டம் யாருக்கு என்ற சண்டை வீண். ஆராய்ச்சி சுவாமிநாதனுடையது; விதையின் மூலம் போர்லாக்குடையது; மெக்சிகோக் கோதுமையின் சிவப்பு மணி சப்பாத்திக்கு ஆகாது என்று மக்கள் முகஞ்சுளித்தபோது, வெளிர்மணி கொண்ட கல்யாண் சோனா, சோனாலிகா ரகங்களைத் தேர்ந்தெடுத்துத் தந்தவர்கள் இந்திய விஞ்ஞானிகள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பில் அதிகாரிக்குப் பதில் விஞ்ஞானியை உட்கார வைத்தவர் சுப்பிரமணியம். அப்படி வந்த முதல் விஞ்ஞானி பி.பி. பால். வேளாண் துறைச் செயலாளர் பி. சிவராமன் கோப்புகளை நகர்த்தினார். ஆக, கூட்டு வெள்ளாமை. தோற்றிருந்தால் பழி மட்டும் ஒருவர் தலையில் விடிந்திருக்கும். அந்தத் தலை சுப்பிரமணியத்தினுடையது.

1964–65இல் ஏறத்தாழ 1 கோடியே 23 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967–68இல் 1 கோடியே 65 லட்சம் டன்னானது. 1968 ஜூலையில் 'கோதுமைப் புரட்சி' என்ற பெயரில் இந்திரா காந்தி அஞ்சல்தலை வெளியிட்டார். 1971–72இல் விளைச்சல் 2 கோடியே 64 லட்சம் டன்னைத் தொட்டது. கோதுமைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஓர் உபரித் தகவல்: நமக்கு மேலே நீலகிரி வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. வடக்கே கோதுமை போட முடியாத கோடையில், இங்கே குளிரில் பயிர் செய்து துருநோயைத் தாங்குமா என்று சோதித்துப் பார்ப்பார்கள்.

இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது அவர் பதவி விலகினாரா?

விலகினார். 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஒரே ஆட்சிமொழியாகும் என்ற நிலையில் தமிழகம் கொந்தளித்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச் சூடும் தீக்குளிப்புகளும் நிகழ்ந்தன. பிப்ரவரி 11 அன்று சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சர் பதவிகளிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தார்கள். ஆம், பழைய வனமலர்ச் சங்கத்து அளகேசனேதான். சாஸ்திரி கடிதங்களை ஏற்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தார். ராதாகிருஷ்ணன் ஏற்க மறுத்தார். அன்றிரவே சாஸ்திரி வானொலியில் பேசி, இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்றார். விலகல்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த ஒரு நாளில் கடிதம் ஏற்கப்பட்டிருந்தால், குட்டை ரகக் கோதுமை என்ன ஆகியிருக்கும் என்று நான் அவ்வப்போது யோசிப்பதுண்டு.

இவ்வளவு செய்தவர் 1967 தேர்தலில் எப்படித் தோற்றார்?

அரிசியால் தோற்றார் என்று சொல்லலாம். 1967இல் திமுக முன்வைத்த 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' வாக்குறுதி, ரேஷன் கடை வரிசையில் நின்று அலுத்த மக்களைப் பிடித்துக்கொண்டது. நாட்டின் உணவு அமைச்சர் தமிழர். தமிழ்நாட்டில் அரிசித் தட்டுப்பாடு. மெக்சிகோ விதை முளைத்துக் கோதுமை மலையாகக் குவிந்தது அதற்கடுத்த ஆண்டு, குவிந்ததும் பஞ்சாபில். மொழிப் போராட்டத்தின் காயமும் ஆறவில்லை. அவர் விலகல் கடிதம் கொடுத்ததை மக்கள் கணக்கில் கொள்ளவில்லை, திரும்பப் பெற்றதைக் கணக்கில் கொண்டார்கள். விருதுநகரில் காமராஜரே தோற்ற தேர்தல் அது.

இதில் அவருடைய குறையும் உண்டு. அண்ணாவைப் போல மேடையில் மக்களைக் கட்டிப்போடும் பேச்சோ, காமராஜரைப் போலத் தொண்டர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் நெருக்கமோ அவரிடம் இல்லை. நல்ல நிர்வாகி, கூட்டம் கூட்டும் தலைவரல்லர். கொங்கு நாட்டில் இன்றும் அவர் படத்தை மாட்டியிருக்கும் வீடுகள் குறைவு.

பின்னர் அவர் என்ன ஆனார்? நெருக்கடி நிலையில் அவர் நிலைப்பாடு என்ன?

1969இல் காங்கிரஸ் பிளந்தபோது காமராஜர் ஒரு பக்கமும் இவர் இந்திரா பக்கமும் நின்றார்கள். இந்திரா காங்கிரஸின் இடைக்காலத் தலைவராகவும் இருந்தார். 1970களில் திட்டத் துறை, தொழில் வளர்ச்சி, அறிவியல் ஆகியவற்றைக் கவனித்துவிட்டு, 1974இல் நிதி அமைச்சரானார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் கோவைக்காரரே என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சுப்பிரமணியம் நிதி அமைச்சராக இருந்தபோது, 1975 அக்டோபர் 2 அன்று முதல் ஐந்து வட்டார ஊரக வங்கிகள் தொடங்கப்பட்டன. இன்று சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி அந்த வழியில் வந்தது.

நெருக்கடி நிலை முழுவதும் அவர் மத்திய நிதி அமைச்சராகவே இருந்தார். 1965இல் மொழிக்காக விலகல் கடிதம் எழுதத் துணிந்தவர், 1975இல் எதிர்க்கட்சியினர் சிறையிலும் பத்திரிகைகள் தணிக்கையிலும் இருந்தபோது எழுதவில்லை. அவரை மதிக்கும் எனக்கு இது உறுத்தலாகவே இருக்கிறது. மழுப்பிச் சொல்ல விருப்பமில்லை. 1977இல் காங்கிரஸ் வடக்கே துடைத்தெறியப்பட்டபோதும் அவர் பழனியிலிருந்து வென்றார். அடுத்த ஆண்டு கட்சி மறுபடி பிளந்தபோது இந்திராவுடன் போகவில்லை. சரண் சிங் அமைச்சரவையில் சில மாதங்கள் பாதுகாப்பு அமைச்சராக இருந்தார்.

பசுமைப் புரட்சியால் மண்ணும் தண்ணீரும் கெட்டுப் போயின என்கிறார்களே?

பஞ்சாபில் நிலத்தடி நீர் வற்றியதும், உரமும் பூச்சிமருந்தும் அளவுமீறியதும், பருப்பும் சிறுதானியமும் பின்னுக்குப் போனதும் கண்கூடு. எங்கள் பகுதியிலும் கம்பும் சோளமும் விளைந்த காடுகள் தென்னந்தோப்புகளாகிவிட்டன. அதற்குப் புதிய விதையைவிட வாய்க்கால் தண்ணீரும் ஆள் பற்றாக்குறையும்தான் பெரிய காரணங்கள். 1966இல் பசித்த வயிற்றோடு இருந்த நாட்டுக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்டால், இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவசர வைத்தியத்தை ஐம்பது ஆண்டுகள் அன்றாட உணவாக்கியது பின்னால் வந்த அரசுகளின் தவறு. தம் இறுதிக் காலத்திலும் சிறு விவசாயிக்கான வேளாண்மை பற்றியே சுப்பிரமணியம் பேசிக்கொண்டிருந்தார். சென்னையில் அதற்கென தேசிய வேளாண் அறக்கட்டளை ஒன்றைத் தோற்றுவித்தார்.

ஆளுநர் பதவியும் பாரத ரத்னாவும்?

1990 முதல் மகாராஷ்டிர ஆளுநர். பிரதமர் நரசிம்ம ராவின் செயல்பாட்டைக் குறைகூறி அவர் பேசியது பத்திரிகையில் வெளியாகி, 1993 ஜனவரியில் பதவி விலகினார். 1998இல் பாரத ரத்னா. அதே ஆண்டு எம்.எஸ். சுப்புலட்சுமிக்கும் அவ்விருது கிடைத்தது. 2000 நவம்பர் 7 அன்று தம் 90ஆம் வயதில் சென்னையில் காலமானார். 2010இல் நூற்றாண்டையொட்டி அவர் உருவம் பொறித்த 5 ரூபாய் நாணயம் வந்தது. பொள்ளாச்சிச் சந்தையில் ஒருமுறை மீதிச் சில்லறையில் எனக்கு அது கிடைத்தது. கடைக்காரரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "செல்லுங்க, நல்ல காசுதானுங்க" என்றார்.

பி.ஏ.பி.யில் அவர் காலத்துத் திட்டம் முழுமையாக முடிந்துவிட்டதா?

இல்லை. ஆனைமலையாறு அணை இன்னும் கட்டப்படவில்லை. நல்லாறு அணையும் அப்படியே. ஒப்பந்தத்தை 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்பது ஏட்டில் இருக்கிறது. பேச்சுவார்த்தைக் குழுக்கள் கூடிக் கலைகின்றன. இதற்கிடையே ஆயக்கட்டு விரிந்துகொண்டே போய், திருமூர்த்தி அணைப் பாசனம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மண்டலத்துக்குத் தண்ணீர் விடும்போது மற்ற மண்டலத்தார் தங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும். எங்கள் காடு வரும் மண்டலத்துக்கு அடுத்த முறை எப்போது என்று இந்த வாரமும் பாசன சபைத் தலைவரிடம் கேட்டு வந்தேன். அணையில் தண்ணீர் இருப்பைப் பார்த்துத்தான் சொல்வார்களாம்.